பாப்பாயி வந்து உட்கார்ந்த இடம்

ஆடி மாதத்து இரண்டாவது ஞாயிறு. பாட்டு பாதியில் இருக்கும்போது பாப்பாயி உள்ளே வந்தாள். செருப்பை வெளியே விட்டாள். முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு, வாசல் நிலையை ஒட்டிக் கிடந்த கோரைப்பாயின் ஓரத்தில், சுவரில் சாயாமல் உட்கார்ந்தாள். கஞ்சிரா தட்டிக்கொண்டிருந்த பெண்ணின் கை முதலில் நின்றது. பிறகு ஒவ்வொரு குரலாக அடங்கியது. பாஸ்டர் யேசுவடியான் கண்ணை மூடியபடி இரண்டு வரி தனியாகப் பாடினார். தன் குரல் மட்டும் கேட்பதை உணர்ந்து கண்ணைத் திறந்தார்.

மதுக்கரைக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் குழிகளுக்கும் தோட்டங்களுக்கும் நடுவில் இருந்தது அந்தக் காலனி. அறுபது வீடுகள். ஜெபவீடு என்று பெயர் இருந்தாலும் அது சாமியாத்தாளின் வீட்டை ஒட்டி இறக்கிய தகரக் கொட்டகைதான். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும் மாதங்களில் தகரம் ஓயாமல் படபடக்கும். பாய், பாட்டுப் புத்தகம், டீத் தூக்கு எல்லாவற்றின் மேலும் வெள்ளைத் தூசி படியும். வெளிச்சுவரில் நீலப் பெயிண்டில் 'எல்லாரும் வரலாம்' என்று எழுதியிருந்தது. எழுதி ஆறு வருடமாகியும் காலனியைத் தாண்டி ஒருவரும் வந்ததில்லை. வருவார்கள் என்று யாரும் எதிர்பார்த்ததுமில்லை.

பாப்பாயி, மேற்கே பத்து ஏக்கர் தக்காளியும் சோளமும் வைத்திருந்த அப்புசாமிக் கவுண்டனின் மனைவி. அப்புசாமியைக் காலனியில் எசமான் என்ற அர்த்தத்தில் பண்ணாடி என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன்னால், தொண்ணூற்றிரண்டில், அவர்களுடைய ஒரே மகள் லோகப்பிரியா, சாமியாத்தாளின் மகன் திருமூர்த்தியோடு போய்விட்டாள். திருமூர்த்தி கல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தான். பண்ணாடியும் பங்காளிகளும் நான்கு நாள் தேடினார்கள். ஐந்தாம் நாள் திருமூர்த்தியின் அப்பன் ராக்கியப்பனைக் கல்குழியில் வைத்துப் பிடித்து, எங்கே எங்கே என்று கேட்டு அடித்தார்கள். அன்றைக்கு அவனுக்கு உண்மையிலேயே தெரியாது. வலது முழங்கை உடைந்து, கோணலாகக் கூடி, பாதி மடங்கியபடி நின்றுபோனது. புகாரை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. பண்ணாடி வீட்டில் மகள் செத்துவிட்டதாக வைத்துத் தலைமுழுகி, ஊரைக் கூட்டிக் கருமாதிச் சோறும் போட்டார்கள்.

திருமூர்த்தியும் லோகப்பிரியாவும் பாலக்காட்டுக்கு அப்பால் ஒரு ஊரில் இருந்தார்கள். அந்த ஊரின் பெயர் மூன்று பேருக்குத்தான் தெரியும்: சாமியாத்தாள், ராக்கியப்பன், பாஸ்டர். கடுதாசிகள் உக்கடத்தில் பாஸ்டர் குடியிருந்த வீட்டுக்கு வரும். சாமியாத்தாளுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பாஸ்டர் வாசித்துக் காட்டுவார். அவள் வாங்கி வைத்துக்கொள்வாள்.

ஆகவே பாப்பாயி வந்து உட்கார்ந்ததும் அந்தக் கொட்டகையில் இருந்த நாற்பது பேரும் ஒன்றைத்தான் நினைத்தார்கள். அட்ரஸுக்கு வந்திருக்கிறாள்.

ஆராதனை முடிந்து டீ கொடுத்தார்கள். தூக்கோடு வந்த பெண் பாப்பாயி முன்னால் வந்ததும் தயங்கினாள். பாப்பாயி கையை நீட்டி டம்ளரை வாங்கி, ஊதி ஊதிக் கடைசிவரை குடித்தாள். அவளுடைய தோட்டத்தில் சாமியாத்தாள் பதினைந்து வருடம் களை எடுத்திருக்கிறாள். அங்கே காலனி ஆட்களுக்குக் கொட்டாங்குச்சியில்தான் காப்பி ஊற்றுவார்கள். சாமியாத்தாள் தூணோரம் நின்று, பாப்பாயியின் தொண்டை ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடிக்கச் சொல்லியே பண்ணாடி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

மத்தியானம் ராக்கியப்பனுக்குக் கம்மஞ்சோறும் கடைந்த கொள்ளும் போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். அவன் ஜெபத்துக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வெளியே வேப்பமரத்தடியில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பான். ஆனால் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருப்பான்.

"என்ன கேட்டா?" என்றான்.

"ஒண்ணுங் கேக்கலீங்க. டீ குடிச்சா. போய்ட்டா."

"நம்ம டம்ளர்லயா?"

"நம்ம டம்ளர்லதான்."

ராக்கியப்பன் இடது கையால் சோற்றைப் பிசைந்துகொண்டே சற்று யோசித்தான். "அப்ப பெரிய காரியமாத்தான் வந்திருக்கறா. கடுதாசியெல்லாம் எங்க வெச்சிருக்கற?"

"அரிசி அடுக்குல."

"எடுத்து அடுப்புல போட்ரு."

"எப்பிடிங்க போடறது? கடேசிக் கடுதாசில அந்தப் புள்ள முழுகாம இருக்குது, எட்டு மாசம்னு எழுதியிருக்குது. அதையாச்சும் வெச்சிருக்கறேன்."

"படிக்கவா போற?"

"படிக்காட்டிப் போகுது."

சாமியாத்தாள் அன்று சாயங்காலமே கடுதாசிகளை அடுக்கிலிருந்து எடுத்து, பிளாஸ்டிக் பையில் சுற்றி, ஆட்டுப்பட்டியின் கூரைச் சருகுக்குள் செருகினாள்.

அடுத்த ஞாயிறும் பாப்பாயி வந்தாள். அதே இடத்தில் உட்கார்ந்தாள். பாஸ்டர் அன்று ஒரு மீன் பிடிக்கிறவரின் கதையைச் சொன்னார். அந்த ஊரை ஆண்டவர்கள் வேறு தேசத்துக்காரர்கள். அவர்களுடைய பட்டாளத்து அதிகாரி ஒருவன் மீன்காரரைத் தன் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினான். அப்படிப்பட்டவர்களின் வாசற்படியைக்கூட மீன்காரரின் ஆட்கள் மிதிக்கமாட்டார்கள். ஆனாலும் அவர் போனார். கடவுள் ஆள் பார்த்துப் பேசுகிறவர் அல்ல, அவருடைய நல்ல செய்தி எந்தச் சனத்துக்கும் மூடியதில்லை என்பது அந்த வீட்டுக்குள் போன பிறகுதான் அவருக்கே விளங்கியது. இதைச் சொல்லும்போது பாஸ்டர் வாசல் பக்கம் பார்க்காமல் இருக்க மிகவும் பாடுபட்டார்.

எல்லாரும் போன பிறகு, டிவிஎஸ் ஐம்பதை எடுக்கப்போனவரைச் சாமியாத்தாள் நிறுத்தினாள்.

"அந்தம்மாவ வர வேண்டாம்னு சொல்லிப்போடுங்க பாஸ்டர்."

பாஸ்டர் தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். "எப்படிம்மா சொல்ல முடியும்? எல்லாரும் வரலாம்னு நாமதான எழுதிப் போட்டிருக்கோம்."

"அழிச்சுப்போடலாமுங்க. சுண்ணாம்புக்கா பஞ்சம்?"

அவர் சிரிக்கப் பார்த்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டார். "இன்னைக்குச் சொன்னேனே, அந்த மீன்காரர்..."

"அந்த அதிகாரி மீன்காரரோட கைய ஒடிச்சுப்போட்டு, பொறவு ஊட்டுக்குக் கூப்புட்டானுங்களா?"

"இல்லம்மா. அவன் நல்ல மனுஷன்."

"நல்லவன் ஊட்டுக்குப் போறதுக்கே அவரு அத்தன ரோசனை பண்ணுனாருன்னு சொன்னீங்க. அப்ப என்னைய என்ன பண்ணச் சொல்றீங்க?"

பாஸ்டர் வண்டியை மறுபடி ஸ்டாண்டில் நிறுத்தினார். "எனக்கும் பயமாத்தாம்மா இருக்கு. அட்ரஸ் எனக்கும் தெரியும்லா. அந்தம்மா உட்கார்ந்திருந்தா வாசிக்கும்போது நாக்கு ஒட்டிக்குது. ஆனா ஆறு வருசத்துக்கு முன்னால நீங்க வந்தப்ப, எதுக்கு வந்தீங்கன்னு நான் உங்ககிட்டக் கேட்கலியே."

"கேட்டிருந்தா எனக்கே சொல்லத் தெரிஞ்சிருக்காதுங்க. வந்து பாயில உக்காருங்கன்னு சொன்னீங்க. அதுக்கு முன்னால என்னைய ஆரும் அப்பிடிச் சொன்னதில்ல. அதுக்குத்தான் வந்தேன்."

"அவங்களும் அதுக்குத்தான் வந்திருக்காங்களோ என்னவோ."

"அவியளுக்கு உக்கார எடமா இல்லீங்க?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் சாமியாத்தாள் உள்ளே போனாள்.

மூன்றாம் ஞாயிறு அவளே நேரில் கேட்டுவிடத் தீர்மானித்தாள். ஆராதனை முடிந்து பாப்பாயி தெருக்குழாய் வரைக்கும் போயிருந்தாள். பின்னாலேயே போனாள்.

"ஆத்தா, சித்த நில்லுங்க."

பாப்பாயி திரும்பினாள். "என்ன சாமியாத்தா?"

"எதுக்கு வாரீங்க?"

"கும்புடத்தான்."

"உங்களுக்குக் கும்புட சாமி இல்லீங்களா? மலைக் கோயல் இருக்குது. உங்க குலசாமி இருக்குது."

"இருக்குது." பாப்பாயி குழாய்த் திட்டில் கையை ஊன்றிக்கொண்டாள். "அங்க எம்புள்ள பேரச் சொல்ல முடியாது. தை மாசம் அர்ச்சனைக்குப் பேரு குடுத்தேன். பூசாரி என்ற மொகத்தையே பாத்தாரு. செத்தவியளுக்கு அர்ச்சனை பண்றதில்லீங்கம்மான்னாரு. அவரு என்ன பண்ணுவாரு? கருமாதிச் சோறு உண்டவருதான. நாந்தான் அவருக்கு எலை போட்டுப் பரிமாறுனேன்."

சொட்டிக்கொண்டிருந்த குழாயைச் சாமியாத்தாள் இறுக்கி மூடினாள்.

"களை வெட்றப்ப உங்க மைக்செட்டு எங்க தோட்டம் வரைக்கும் கேக்கும். பேரு பேராச் சொல்றீங்க. சீக்காளி பேரு, குடிகாரன் பேரு, செயிலுக்குப் போனவன் பேரு. ஆரையும் உடறதில்ல. ஒருக்கா எம்புள்ள பேரையும் ஆராச்சும் வாய்விட்டுச் சொன்னாப் போதும்னு இருந்துது. அதுக்குத்தான் வாரேன்."

"பண்ணாடிக்குத் தெரியுமுங்களா?"

"சந்தைக்குன்னு சொல்லிப்போட்டு வாரேன்." முழங்கையில் தொங்கிய பையைக் காட்டினாள். அதில் நாலு கத்தரிக்காயும் ஒரு கட்டுக் கீரையும் இருந்தன.

"உங்க புள்ள எங்கிருக்குதுன்னு எனக்குத் தெரியாதுங்க," என்றாள் சாமியாத்தாள்.

"நாங் கேக்கலியே."

"மைக்குல அந்தப் பேரச் சொன்னா, உசுரோட இருக்கறான்னு ஊருக்கே தமுக்கடிச்ச மாதிரி ஆயிரும். நான் இருக்கற வரைக்கும் இங்க அந்தப் பேரச் சொல்ல உடமாட்டேனுங்க."

பாப்பாயி தலையை ஆட்டினாள். சரி என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. தோட்டத்துத் தடத்தில் நடந்து போனாள். காற்று அவள் புடவையைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே போனது. சாமியாத்தாளுக்கு அந்த 'நாங் கேக்கலியே' மட்டும் உறுத்தியது. பெற்றவள் ஒருத்தி, மூன்று வருடம் கழித்து, எங்கே இருக்கிறாள் என்றுகூடக் கேட்காமல் போவாளா? கேட்கவேண்டாம், தானாக வாயிலிருந்து வரும் என்று யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அப்படித்தான் இருக்கவேண்டும்.

நாலாம் ஞாயிறு அப்புசாமி வந்தான். கூட ஒரு பங்காளி. மோட்டார் சைக்கிளை வேப்பமரத்தடியில் நிறுத்திவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நேராக வந்தவன் வாசற்படிக்கு இரண்டடி முன்னால் நின்றுவிட்டான். சுவரில் எழுதியிருந்ததை வாய்க்குள் படித்தான்.

"எல்லாரும்னு போட்டிருக்கீங்களே, நானுமா?" என்றான் பாஸ்டரிடம். அவன் சத்தம் போடவில்லை.

பாஸ்டர் புத்தகத்துக்குள் விரலை வைத்து மூடினார். "நீங்களுந்தான். உள்ள வாங்க."

"கூப்புடறதப் பாரு," என்று பங்காளியைப் பார்த்துச் சொன்னான். பிறகு மனைவியிடம், "எந்திரிச்சு வா," என்றான்.

பாப்பாயி உடனே எழுந்திருக்கவில்லை. பாஸ்டர் அன்றைக்குப் பாதி வாசித்திருந்த பகுதி முடியட்டும் என்று காத்திருப்பவள்போல அவரையே பார்த்தாள். அவருக்கு வாசிக்க வரவில்லை. அவள் எழுந்து, எல்லாருக்கும் பொதுவாகக் கையைக் குவித்து, "வாரேனுங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அப்புசாமி அவள் கையை முழங்கைக்கு மேல் பிடித்து வண்டியில் ஏற்றினான். மூன்றடி தூரத்தில் உட்கார்ந்திருந்த ராக்கியப்பனை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. ராக்கியப்பனும் எழுந்து நிற்கவில்லை. அது வீறாப்பு இல்லை, பயம்தான் என்று அவனே பின்னால் சொன்னான்.

அன்று காலனியில் அதே பேச்சு. பொண்டாட்டியைக் கூட்டிப்போக வருகிறவன் இத்தனை அமைதியாகவா வருவான் என்றார்கள் சிலர். நாம் நம்பவேண்டும் என்பதற்காக ஆடிய ஆட்டம் என்றார்கள். ஆட்டுப்பட்டிக் கூரையிலிருந்த பொட்டலத்தைச் சாமியாத்தாள் மறுபடியும் எடுத்து, இந்த முறை பாஸ்டரிடமே கொடுத்தனுப்பினாள்.

மூன்று வாரம் பாப்பாயி வரவில்லை. ஆட்களோடு ஜீப் வரும் என்று எதிர்பார்த்தார்கள். எதுவும் வரவில்லை. அதற்குள் ஆவணி பிறந்து காற்று கொஞ்சம் தணிந்தது.

நாலாவது வாரம் ஒரு புதன்கிழமை பாஸ்டர் மத்தியான வெயிலில் வண்டியில் வந்து இறங்கி, வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கடுதாசி வாசித்தார். பெண் குழந்தை. மூன்று கிலோ. சுகப் பிரசவம். சாமியாத்தாள் சேலைத்தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கத்து வீட்டுக்குக்கூட ஒரு பிடி சர்க்கரை கொடுக்க முடியாது. எதற்கு என்று கேட்பார்கள். ராக்கியப்பன் நல்ல சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு மதுக்கரை வரைக்கும் நடந்தான். டீக்கடையில் தனியாக உட்கார்ந்து ஒரு டீயும் வருக்கியும் சாப்பிட்டான். தெரிந்த நாலு பேரோடு மழையைப் பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்தான்.

"ஆருகிட்டயும் சொல்லலியே?" என்று கேட்டாள்.

"சொல்லல. நாக்கு நுனி வரைக்கும் வந்துது. முழுங்கிப்போட்டேன்."

அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பாயி வந்தாள். இடது கையில் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரைக்கும் துணிக்கட்டு. மஞ்சளும் பச்சிலையும் அரைத்துப் போட்ட பற்றின் வாடை கொட்டகைக்குள் அவளுக்கு முன்னால் வந்தது. சந்தைப் பை இல்லை. உட்காரும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி உட்கார்ந்தாள்.

"கட்டுப் போட்டுக் கூட்டியாந்து உட்டிருக்கறாங்க பாரு," என்று சாமியாத்தாளின் காதோரம் ஒருத்தி சொன்னாள். சாமியாத்தாளுக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை.

பாஸ்டர் பிரசங்கம் பண்ணிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடுவில் இருந்த தட்டிக் கதவு அசைந்தது. ராக்கியப்பன் தலையை நீட்டி அவளைக் கூப்பிட்டான். இத்தனை வருடத்தில் அவன் அந்தத் தட்டி வரைக்கும் வந்ததே கிடையாது.

"அவ கைய எப்பிடி வெச்சிருக்கறான்னு பாத்தயா?" என்றான் தணிந்த குரலில்.

"கட்டுப் போட்டிருக்கறா."

"கட்டு இல்ல. கை. மடியில எறக்கி வெக்காம, வகுத்தோட ஒட்டிப் புடிச்சிருக்கறா. மூச்சு உட்டா வலிக்கும், அதுக்கு அப்பிடி. ஆறு மாசம் நான் அப்பிடித்தான் புடிச்சிருந்தேன். அத ஆரும் சொல்லிக்குடுத்துச் செய்ய முடியாது."

"அப்ப நம்பறீங்களா?"

"நம்பல. ஊரு பேரச் சொல்லீராத." அவன் உள்ளே எட்டி, வாசலோரம் உட்கார்ந்திருந்தவளை இன்னொரு முறை பார்த்தான். "மத்ததச் சொல்லிரு. அவளுக்கும் பேத்திதான."

சாமியாத்தாள் கொட்டகைக்குள் திரும்பினாள். பெயர் சொல்லி ஜெபிக்கும் நேரம் வந்தது. வழக்கமாகப் பாஸ்டர்தான் ஆரம்பிப்பார். அவர் வாயைத் திறப்பதற்குள் சாமியாத்தாள் எழுந்து மைக்செட்டின் சுவிட்சை அணைத்தாள். கொட்டகை சட்டென்று சிறுத்ததுபோல இருந்தது. தகரம் அடித்துக்கொள்ளும் சத்தம் மட்டும் கேட்டது. எல்லாரும் கண்ணை மூடினார்கள். அவள் மூடவில்லை.

"ஆண்டவரே," என்றாள். வாசல் பக்கம் திரும்பினாள். "ஆண்டவரே, லோகப்பிரியாவுக்காக உங்களுக்கு நன்றி சொல்றோமுங்க."

வாசலோரம் பாப்பாயியின் தலை நிமிர்ந்தது.

"போன வாரம் அந்தப் புள்ளைக்குப் பொட்டப்புள்ள பொறந்திருக்குது. மூணு கிலோ. சுகப் பிரசவம். ஆத்தாளும் புள்ளையும் நல்லா இருக்கறாங்க. எங்க பையன் திருமூர்த்தி வேலைக்கு ஒழுங்காப் போறானுங்க. அவியளக் காப்பாத்துங்க ஆண்டவரே." பாப்பாயியின் முகத்தை நேராகப் பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாக அடுத்ததைச் சொன்னாள். "அவியளத் தேடிக்கிட்டு வாரவங்க ஆரா இருந்தாலும், அவிய கைக்குச் சிக்காம காப்பாத்துங்க."

"ஆமென்," என்றாள் பாப்பாயி.

மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால், தனியாக, பலமாக அந்தச் சத்தம் கேட்டது. பிறகு முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டாள். குலுங்கினால் கை வலிக்கும் என்பதால் உடம்பை அசைக்காமல் அழுதாள். யாரும் பக்கத்தில் போகவில்லை. கஞ்சிரா வைத்திருந்த பெண் மட்டும், டீ கொடுக்கும்போது, அவள் ஒரு கையால் வாங்கத் தோதாக டம்ளரைப் பாதி அளவே நிரப்பிக் கொடுத்தாள்.

கிளம்பும்போது பாப்பாயி சாமியாத்தாள் முன்னால் வந்து நின்றாள். அட்ரஸ்தான் என்று சாமியாத்தாள் நினைத்தாள். இப்போது கேட்பாள். இதற்காகத்தான் இத்தனையும்.

"தலையில முடி இருக்குதுங்களா?" என்று கேட்டாள் பாப்பாயி. "லோகு பொறந்தப்ப மொட்டையாத்தான் இருந்தா. அதுக்குக் கேட்டேனுங்க."

அந்த வீட்டு ஆட்கள் யாரும் சாமியாத்தாளிடம் இதுவரை 'ங்க' போட்டுப் பேசியதில்லை. சொன்னவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை. குழந்தையின் முடியைப் பற்றிய யோசனையிலேயே நின்றாள்.

"அது எழுதலீங்க," என்றாள் சாமியாத்தாள். "கேட்டு எழுதறேன்."

பாப்பாயி தடத்தில் இறங்கிப் போனாள். வேப்பமரத்தைத் தாண்டும்போது ஒரு கணம் நடை தயங்கியது. மரத்தடிக்குத் திரும்பியிருந்த ராக்கியப்பன் காலை மடக்கி வழிவிட்டான். அவள் போகும் திசையில் யாராவது காத்திருக்கிறார்களா என்று அவள் மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தான்.

எல்லாரும் போன பிறகு பாஸ்டர் பாயில் உட்கார்ந்து, பாட்டுப் புத்தகத்தின் மேல் இன்லண்ட் கவரை வைத்து எழுதினார். சாமியாத்தாள் சொல்லச் சொல்ல, குழந்தைக்கு என்ன பெயர், பால் போதுகிறதா, வீட்டுக்குள் ஈரம் இறங்குகிறதா என்று ஒவ்வொன்றாக எழுதினார்.

"கொழந்தைக்குத் தலையில முடி இருக்குதான்னு கேட்டு எழுதுங்க."

எழுதினார். "நீங்க கேட்டதா எழுதவா?"

"ஆமாங்க."

பாஸ்டர் கவரை மடித்து, ஓரத்தை நாக்கில் தொடக் கொண்டுபோனார்.

"இருங்க," என்றாள் சாமியாத்தாள். "அவ ஆத்தா கேட்டான்னு மாத்தி எழுதுங்க. ஜெபத்துக்கு வந்து கேட்டான்னு எழுதுங்க."

அவர் அடித்துவிட்டு எழுதினார். சாமியாத்தாள் பக்கத்தில் குனிந்து, தனக்குப் படிக்கத் தெரியாத அந்த வரியின் மேல் விரலை வைத்துக்கொண்டாள்.

"ஊரு பேர நாங்க சொல்லலைன்னும் அதுக்குக் கீழயே எழுதிப்போடுங்க," என்றாள். "அந்தப் புள்ள பயந்துக்கும்."